கேட்காமல் கிடைத்த வரம்

அத்தியாயம் பதினொன்று

கோபம் வந்தால் எழிலரசிக்கு முதலில் சுடுவது காதுமடல். அந்தச் சனிக்கிழமை மாலை, சிதம்பரம் மேலவீதியில் உள்ள கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளர் ஒருவரின் காதுக்குப் பின்னால் கண்ணாடியின் கொம்பை வளைத்துப் பொருத்திக்கொண்டிருந்தபோது, அவளுடைய இரண்டு காதுகளும் ஒரே நேரத்தில் சுட்டன.

அதற்குக் காரணம், மேலாளர் தேவசகாயம் கொண்டுவந்த ஒரு நல்ல செய்தி.

"வாழ்த்துகள்மா! திங்கக்கெழமையிலேருந்து நீங்க நம்ம கடலூர் கடை. முதலாளி இப்பத்தான் போன்ல சொன்னாரு. உங்க வீட்டுலேருந்து நடந்தே போயிடலாமாமே?"

"நான் மாறுதல் கேக்கவே இல்லையே சார்."

"நீங்க கேக்கல. உங்க அண்ணன் கேட்டாரு. அவரும் முதலாளியும் பண்ருட்டியில ஒண்ணாப் படிச்சவங்களாமே, எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். தங்கச்சி பஸ்ல இடிபட்டு இடிபட்டு இடுப்பே போயிடுச்சுன்னு உருகிட்டாராம். அண்ணன்னா அப்படி இருக்கணும். எனக்கும் ரெண்டு பேரு இருக்கானுங்க. கிறிஸ்மஸுக்குக்கூட ஒரு போன் கெடையாது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல சார்?"

"நல்லது செய்யறதுக்கு எதுக்கும்மா கேக்கணும்?"

தேவசகாயம் கள்ளமில்லாத மனிதர். அந்தக் கேள்வியை அவர் மனதாரக் கேட்டார். அதனாலேயே எழிலரசியின் பல் நறநறத்தது.

"யம்மா," என்றார் நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர். "சேதி நல்ல சேதிதான். ஆனா எங்காத விடுங்க. பிஞ்சிடப் போவுது."

வீட்டுக்கு அருகிலேயே வேலையை மாற்றிக் கொடுத்தால் எவளாவது கோபப்படுவாளா என்று வியப்பவர்கள் இந்தக் கதைக்குப் புதியவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்வரலாம்.

எழிலரசிக்கு வயது நாற்பத்து மூன்று. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை சிதம்பரத்தில். கணவர் கலியமூர்த்தி முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் கனிமொழி பிளஸ் டூ படிக்கிறாள்.

பள்ளிக்கூடத்து வயதில் எழிலரசியின் கையில் ஒரு கதைப் புத்தகம் கிடைத்துவிட்டால், அடுப்பில் சோறு தீய்ந்தாலும் அவள் மூக்குக்கு எட்டாது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் யாரும் தடுக்காமலேயே நின்றுபோனது. முதலில் நேரமில்லை. பிறகு கையில் போன் வந்தது. அதற்கும் பிறகு, எப்போதாவது புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் கலங்கி நின்றன. 'நமக்கு அந்த ருசி செத்துப்போச்சு' என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

மங்கிப்போனது கண் மட்டும்தான் என்பது, கடையில் கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் தெரிந்தது. விளையாட்டாக ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாடிக்கையாளர்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லி நாள்தோறும் நீட்டுகிற அட்டை கையில் இருந்தது. அதில் ஒரு பத்தி. மழை இரவில் ஒருவன் பூட்டிய கதவைத் தட்டுகிறான், அவ்வளவுதான், அட்டை முடிந்துவிடும். ஆயிரம் பேர் வாசிக்கக் கேட்டவள், கதவைத் திறந்தது யாராக இருக்கும் என்று அன்றுதான் முதல் முறையாக யோசித்தாள். மறுநாள் கிளை நூலகத்தில் உறுப்பினரானாள்.

பேருந்தில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில் அவளை எவரும் எதற்கும் அழைக்க முடியாது. முதல் சில வாரங்கள் பெரும்பாடு. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கை தானாகப் பைக்குள் போனைத் தேடும். படித்த பத்தி மறந்துபோய் மறுபடி படிப்பாள். ஆத்திரம் வந்து, போனை அணைத்துச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் புதைத்தாள். நெடுநாள் ஓடாத கிணற்று மோட்டார் முதலில் காற்றைக் கக்கி, பிறகு சேற்றைக் கக்கி, அதன் பின்னரே தண்ணீர் இறைக்கும் அல்லவா, அப்படித்தான் பழக்கம் திரும்பியது. ஏழு மாதத்தில் பதினோரு நாவல்கள் ஆயின.

ஆனால் வீட்டில் சொல்லவில்லை. அந்த வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. களைத்தவருக்கு ஓய்வு, களிப்பாக இருப்பவருக்கு வேலை. 'பஸ்ல ஜாலியா கத படிச்சுக்கிட்டுத்தானே வர்ற, அப்படியே மார்க்கெட்ல எறங்கி மீன் வாங்கியாந்துடு' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் போதும், அந்த நேரமும் போய்விடும். ஆகவே தினமும் மாலை வாசற்படியில் கால் வைக்கும்போதே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யப்பா, இந்த பஸ்ஸு என் உயிர வாங்குது" என்று முனகுவாள். கதை நன்றாக இருந்த நாட்களில் முனகலும் ஜாஸ்தியாக இருக்கும்.

ஓர் ஊரில் ஒரு வண்டிமாடு இருந்தது. நாள்தோறும் ஆற்றங்கரைக்குப் பாரம் இழுத்துப் போய்வரும். கரையில் ஓரிடத்தில் இளசான அறுகம்புல் முளைத்திருந்தது. அதை மற்ற மாடுகள் மோப்பம் பிடித்துவிடக் கூடாதே என்று, அந்த மாடு போகும்போதும் முனகும், வரும்போதும் முனகும். உடையவன் இரக்கமுள்ளவன். முனகலைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு தாங்காமல், "இனி நீ அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம்" என்று சொல்லி, வீட்டுக்குப் பின்னால் நிழலாகப் பார்த்துச் செக்கில் கட்டிவிட்டான்.

குற்றம் மாட்டின் மேலா, உடையவன் மேலா? அன்று மாலை எழிலரசியைக் கேட்டிருந்தால், முதலில் உடையவனை உதைக்க வேண்டும், மாட்டைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பாள்.

*

ஆறரை மணிக்குக் கடை சாத்தியதும் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். கடலூர் பேருந்தில், அதிசயமாக, ஜன்னலோரம் காலியாக இருந்தது. உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிப் புத்தகத்தைப் பிரித்தாள். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட தடித்த நாவல். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் மேனேஜருடைய மனைவி ஒரு நாள் காலையில் காணாமல் போய்விடுகிறாள். இன்னும் எழுபது பக்கம்தான் பாக்கி.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அவள் படித்துக்கொண்டிருந்த வரியையே பு.முட்லூரிலும் படித்துக்கொண்டிருந்தாள். 'ஜன்னல் திறந்து கிடந்தது' என்பது அந்த வரி. கண் அதன் மேல் ஓடியது, மனம் அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

இன்றைய ஒன்றேகால் மணி நேரத்தையும் சேர்த்தல்லவா பறித்துக்கொண்டார்கள் என்று நினைத்தபோது காது மறுபடி சுட்டது. டப்பாவுக்கு அடியிலிருந்து போனைத் தோண்டி எடுத்துக் கணவரை அழைத்தாள்.

"யாரைக் கேட்டு இதச் செஞ்சீங்க?"

"எத?"

"மாறுதல."

"அடடா, அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சா? மச்சான் சஸ்பென்ஸா வெச்சிருந்தாரே! இங்கதான் இருக்காரு. பலாப்பழம் ஒண்ணு கொண்டாந்திருக்காரு பாரு, காருலேருந்து எறக்க ரெண்டு ஆளு வேண்டியிருந்துது. சீக்கிரம் வா, நீ வந்துதான் அறுக்கணும்."

"என்னைக் கேட்டீங்களான்னு கேக்கறேன்."

"தெனம் நீதானே அழுவற, பஸ்ஸு உயிர வாங்குதுன்னு? மச்சான்கிட்ட ஒரு வார்த்த சொன்னேன், 'உங்க தங்கச்சி படற பாட்டப் பாத்தீங்களா'ன்னு. ஒரே வார்த்த. மனுஷன் ரோஷக்காரரு, முடிச்சுட்டுத்தான் மறுவேல பாத்தாரு."

அந்த 'ஒரே வார்த்தை' என்ன செய்யும் என்பது எழிலரசிக்குத் தெரியாததா? அவளுடைய அண்ணன் பொன்னுரங்கம் பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. 'உங்கள் தங்கை கஷ்டப்படுகிறாள்' என்று மாப்பிள்ளை வாயிலிருந்து வருவது அவர் காதில் குத்தல் பேச்சாகத்தான் விழும். பிறந்த வீட்டிலிருந்து சீர் இன்னும் வரவில்லை என்று பொருள். இப்படித்தான் ஒரு வார்த்தைக்குக் கிரைண்டர் வந்தது, இன்னொரு வார்த்தைக்கு பிரிட்ஜ் வந்தது, இப்போது மாறுதலும் வந்துவிட்டது. கிரைண்டரின் நிறத்தைக்கூட இரண்டு ஆண்களும் தங்களுக்குள்தான் பேசி முடித்தார்கள்.

"நான் முதலாளிகிட்டப் பேசி வேணாம்னு சொல்லப்போறேன்," என்றாள்.

"என்னாது? சிக்னல் கட்டாவுது, வீட்டுக்கு வா," என்று கலியமூர்த்தி போனை வைத்தார்.

சிக்னல் நன்றாகவே இருந்தது.

முதலாளியின் எண்ணை அவள் தேடிக்கொண்டிருந்தபோதே, புதுச்சத்திரத்துக்கு அருகில், போன் அடித்தது. சத்யப்பிரியா. அதே நிறுவனத்தின் கடலூர் கடையில் வேலை செய்யும் பெண். வீடு அண்ணாமலைநகரில். எழிலரசி வடக்கே போகும் நேரத்தில் அவள் தெற்கே வருவாள். தினமும் வழியில் எங்கேயோ இருவருடைய பேருந்துகளும் ஒன்றையொன்று கடந்துபோகும்.

"அக்கா! எப்படிச் சொல்றதுன்னே தெரியலக்கா. உங்க கால்ல விழணும் போல இருக்கு."

"எதுக்கு?"

"ஐயோ, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்களே. உங்க எடத்துக்கு நான், என் எடத்துக்கு நீங்க. ஒரு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தேன்கா. மாத்திக்க ஆளில்ல, ஆளில்லன்னே சொல்லிட்டாங்க. காலையில புள்ள கண்ணு முழிக்கறதுக்குள்ள கெளம்பறேன், ராத்திரி தூங்கினப்பறம் போறேன். எங்க சின்னம்மாதான் பாத்துக்கறாங்க. அவுங்கள அம்மாங்குது. என்னப் பாத்து ஆன்ட்டிங்குதுக்கா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் அந்தப் பெண். சிரிப்பு பாதி வழியிலேயே உடைந்து அழுகையாயிற்று. பக்கத்தில் யாரோ, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்பதும் கேட்டது.

"அழாத. போன வை. திங்கக்கெழம பேசிக்கலாம்," என்றாள் எழிலரசி.

கோபத்துக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவராவது வேண்டும். சத்யப்பிரியா அந்தச் சுவரையும் இடித்துவிட்டுப் போய்விட்டாள். இனி 'வேண்டாம்' என்று சொன்னால், ஒன்றரை வயதுக் குழந்தையின் வாயிலிருந்து 'அம்மா'வைப் பிடுங்குவதாகும். 'சரி' என்று சொன்னால், நாற்பத்து மூன்று வயதில் தேடிக் கண்டெடுத்த ஒன்றைத் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைப்பதாகும்.

ஆலப்பாக்கம் வந்தது, காரைக்காடு வந்தது. ஜன்னல் திறந்தே கிடந்தது, புத்தகத்திலும் பேருந்திலும்.

*

வீட்டு வாசலில் அண்ணனின் வெள்ளைக் கார். உள்ளே கூடத்தின் நடுவில், கோணியின் மேல், ஒரு கன்றுக்குட்டி அளவுக்குப் பலாப்பழம். வீடு முழுக்க அதன் மணம். அதற்கு இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையில் பொன்னுரங்கம், அந்தப் பக்கம் கலியமூர்த்தி. சோபாவின் மூலையில் போனும் தானுமாகக் கனிமொழி.

"வாம்மா, வா! இன்னியோட உன் இடுப்புக்கு விடுதல!" என்று கை தட்டினார் பொன்னுரங்கம். "ஏன் மொகம் இப்படி இருக்கு? சீட்டு கெடைக்கலியா? விடு, கடைசி நாள்தானே."

"சீட்டு கெடைச்சுது. ஜன்னலோரம்."

"பின்ன என்ன?"

"நான் உன்னைக் கேட்டேனாண்ணே?"

"கேட்டாத்தான் செய்யணுமா? நீ வாயத் தொறந்து கேக்கற வரைக்கும் வெச்சிருந்தா நான் என்ன அண்ணன்?"

"எனக்கு வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மாப்ள சொன்னாரு."

எழிலரசி கணவர் பக்கம் திரும்பினாள். கலியமூர்த்தி பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகப் பழுத்திருக்கிறதா என்ற ஆராய்ச்சியில் திடீரென்று அவருக்கு ஆழ்ந்த அக்கறை பிறந்திருந்தது.

"சரி, அப்ப காரணத்த சொல்லு," என்றார் பொன்னுரங்கம், குரல் ஒரு படி ஏறி. "வீட்டு வாசல்ல வேல. வேணாங்கற. சிதம்பரத்துல அப்படி என்னதான் இருக்கு உனக்கு?"

"சிதம்பரத்துல ஒண்ணும் இல்ல. பஸ்லதான் இருக்கு."

"பஸ்லயா?"

"பஸ்ல நான் கதப் புத்தகம் படிக்கறேன்."

கனிமொழி அன்று மாலை முதல் முறையாகப் போனிலிருந்து தலை தூக்கினாள்.

"என்ன புத்தகம்?" என்றார் பொன்னுரங்கம். "பரீட்சைக்கா?"

"இல்ல."

"வேல சம்பந்தமா?"

"இல்ல."

"சாமி புத்தகமா?"

"இல்லண்ணே. கத. டீ எஸ்டேட்ல ஒரு பொம்பள காணாமப் போயிட்டா. அவ எங்க போனான்னு தேடறாங்க."

பொன்னுரங்கம் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். அதன் பிறகு இருவரும் தொடையில் தட்டிச் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் போயிருக்கும்.

"அதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்! நானும் என்னமோ ஏதோன்னு பயந்தே பூட்டேன்," என்றார் பொன்னுரங்கம். "அத வீட்டுல படியேன்! யாரு வேணாங்கறது?"

"அதானே," என்றார் கலியமூர்த்தி. "ஹால் இருக்கு, ஃபேன் இருக்கு, ட்யூப்லைட் இருக்கு. பஸ்ஸுல குலுங்கிக்கிட்டுப் படிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

எழிலரசி ஒரு கணம் இருவரையும் பார்த்தாள். "சரி. இப்பப் படிக்கறேன்," என்றாள்.

பிளாஸ்டிக் நாற்காலியை ட்யூப்லைட்டுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். கைப்பையைக்கூட உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை. கண்ணாடியை மாட்டினாள், புத்தகத்தைப் பிரித்தாள், படிக்கத் தொடங்கினாள்.

சிரிப்பு கொஞ்ச நேரம் தொடர்ந்தது. பிறகு குறைந்தது.

"பழம்?" என்றார் கலியமூர்த்தி.

எழிலரசி அடுத்த வரிக்குப் போனாள்.

"சரி மாப்ள, நம்மளே அறுப்போம். பண்ருட்டிக்காரனுக்குப் பலா அறுக்கத் தெரியாதா?" என்று கத்தியை வாங்கினார் பொன்னுரங்கம். பண்ருட்டியில் பிறந்து வளர்ந்தாலும், சுளையாக எடுத்துத் தட்டில் வைத்த பலாவை மட்டுமே அவர் இதுவரை தொட்டிருக்கிறார் என்பது அடுத்த நிமிடமே வெளியாயிற்று. கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவாமல் அவர் பழத்தைப் பிளந்தார். வெள்ளைப் பால் வழிந்து விரல்களுக்கிடையே இறங்கியது. சட்டையில் தெறித்தது. கத்தி உள்ளேயே சிக்கி நின்றது.

"எழிலு, நல்லெண்ணெ எங்க இருக்கு?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"எழிலு! மச்சான் சட்டையெல்லாம் பிசினு!"

"அம்மா, என் சார்ஜரப் பாத்தியா?"

"யம்மா எழிலு, ஒரு பழந்துணியாவது குடு."

"அம்மா, தாத்தா போன் பண்ணாரு. நாளைக்கு வர்றாராம், என்ன சமைப்பன்னு கேட்டாரு."

"எழிலு, எண்ணெய எங்கதான் வெச்சுத் தொலச்ச?"

கலியமூர்த்தி மீட்கப் போனார். அவருடைய கையும் ஒட்டிக்கொண்டது. சமையலறையில் ஏதோ டப்பா உருண்டது. இன்னொன்றும் உருண்டது.

எழிலரசி தலை நிமிராமலேயே பேசினாள். "பாருங்க. உக்காந்து மூணு பக்கம் ஆவல. அதுக்குள்ள எத்தினி தடவ கூப்புட்டீங்கன்னு நீங்களே சொல்லுங்க. பஸ்ல கண்டக்டர் ஒரே ஒரு தடவதான் கூப்புடுவாரு. டிக்கெட்டக் குடுத்துட்டு அவர் வேலையப் பாக்கப் போயிடுவாரு."

கனிமொழி சார்ஜரைத் தானே தேடிக்கொள்ள எழுந்துபோனாள்.

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது. மாப்பிள்ளை வீட்டில், மாப்பிள்ளையின் முன்னால், இரண்டு கையும் பிசினாக, தங்கை தலை நிமிர்ந்துகூடப் பாராமல் பேசுகிறாள். வெட்கம் வந்த வழியிலேயே வெறியும் வந்தது.

"அவன்கிட்ட நான் கைகட்டி நின்னு கேட்டேன் தெரியுமா? ஸ்கூல்ல என் பின்னாடி பெஞ்சில உக்காந்திருந்தவன். அவனப் போயி 'சார்'னு கூப்புட்டேன். உனக்காவ! நீ கேவலம் ஒரு கதப் புத்தகத்துக்காவ எம் மூஞ்சில கரியப் பூசற." ஒட்டும் விரல்களாலேயே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இப்பவே அவனுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றேன். நீ அந்த பஸ்ஸுலயே கெட!"

எழிலரசியின் விரல் அந்தப் பக்கத்தின் மேலேயே நின்றது.

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை அவள் எதை நினைத்துப் பொருமினாளோ, அது இதோ, கேட்காமலேயே, கைக்கு வந்துவிட்டது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். திங்கட்கிழமை ஜன்னலோரம் அவளுக்காகக் காத்திருக்கும். பழியும் அவள் மேல் வராது, அண்ணன் தலையில் விழும்.

திரையில் பிசின் பட்டு எண் சரியாக விழவில்லை. பொன்னுரங்கம் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார்.

எழிலரசி புத்தகத்தை மூடினாள்.

"போன வையிண்ணே."

"நீதானே வேணான்ன?"

"வையின்னு சொல்றேன்." எழுந்து வந்து, அவர் கையிலிருந்த போனின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். அவள் கையும் ஒட்டிக்கொண்டது. "மாறுதல் நிக்கட்டும். அந்தப் பொண்ணுக்குக் கைக்கொழந்த இருக்கு."

"எந்தப் பொண்ணு?"

"யாரு என்னன்னு கேக்காமலே நகத்தி வெச்சியே, அந்தப் பொண்ணு. நீ என்னை நகத்தினது அவளுக்கு நல்லதா முடிஞ்சுது, அவ அதிர்ஷ்டம். எல்லாருக்கும் அப்படி முடியாது." கையைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். "நான் கடலூர் கடைக்கே போறேன். ஆனா ஒண்ணு. காலையில எப்பவும் போல எட்டு மணிக்குக் கெளம்புவேன். ராத்திரி எப்பவும் போல எட்டு மணிக்குத்தான் வருவேன்."

கலியமூர்த்தி குழம்பினார். "கடைய ஆறரைக்கே மூடிடுவாங்களே?"

"மூடட்டும்."

"அங்கேருந்து நம்ம வீடு கூப்புடு தூரம். மீதி நேரம்?"

"என்னோடது."

"நல்லா இருக்கே நியாயம்!" என்றார் பொன்னுரங்கம். "பொம்பள ஆறரைக்கு வேல முடிஞ்சு எட்டு மணிக்கு வீடு வந்தா நாலு பேரு என்ன பேசுவான்?"

"இத்தினி வருஷமா எட்டு மணிக்குத்தானே வரேன்? ஒருத்தனும் பேசலியே. இன்னிக்கு வரைக்கும் நல்லா இருந்த எட்டு மணி, வர்ற திங்கக்கெழம எப்படிண்ணே கெட்டுப்போச்சு?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். அந்தக் கணக்கில் எங்கே பிசகு இருக்கிறது என்று தேடினார். வியாபாரியின் மூளைக்கே அது அகப்படவில்லை.

கலியமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "அதில்ல எழிலு. ஒரு அவசரம்னு தேடினா, நீ எங்க இருக்கன்னு நாங்க நெனைக்கறது?"

"பஸ்ல இருக்கறதா நெனச்சுக்குங்க."

*

பொன்னுரங்கம் கை கழுவவில்லை. ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, திரும்பிப் பாராமலேயே சொன்னார்.

"ஆவணியில சேரனுக்கு நிச்சயம் வெச்சிருக்கேன். அத்தைன்னு நீதான் தட்டு எடுக்கணும்னு நெனச்சிருந்தேன். வேற ஆளப் பாத்துக்கறேன். நீ உன் கதையப் படி."

அண்ணன் மகன் நிச்சயத்துக்கு அத்தை தட்டு எடுக்காவிட்டால், அந்தச் செய்தி பண்ருட்டியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் உறவுமுறையில் எப்படிப் பரவும் என்பது எழிலரசிக்குத் தெரியும். ஆனாலும் அவள் 'அண்ணே, நில்லு' என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவள் விட்டுக்கொடுத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

கலியமூர்த்தி இரண்டு கைகளையும் எதிலும் படாமல் விரித்துக்கொண்டு, பிளந்து கிடந்த பலாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழிலரசி உள்ளே போய், மேல்தட்டில் கண்ணுக்கு நேராக இருந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து, அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் கையில் ஊற்றவில்லை.

"எங்க போயி உக்காருவ, சொல்லு?" என்றார் அவர், எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தபடி. "அந்த நேரத்துல லைப்ரரியும் இருக்காது. தேவனாம்பட்டினம் பீச்சுல இருட்டிடும். நம்ம கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்பு இருக்கு. காயில் சுருளெல்லாம் ஒதுக்கிட்டா ஒரு ஆளு உக்காரலாம். லைட்டும் இருக்கு."

"வேணாம்."

"ஏன்?"

"அங்க வந்தா டீ வாங்கியாரச் சொல்லுவீங்க."

கலியமூர்த்தி மறுக்க நிமிர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். எண்ணெயைத் தானே கையில் ஊற்றிக்கொண்டார்.

தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

எழிலரசி ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். காருக்குள் விளக்கு எரிந்தது. பொன்னுரங்கம் ஒரு கையை ஸ்டியரிங்கில் தேய்த்துத் தேய்த்துப் பிசினை உரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் போனைக் காதில் வைத்திருந்தார். உதடுகள் வேகமாக அசைந்தன.

முதலாளியைத்தான் அழைத்துவிட்டாரோ என்று பட்டதும், அவள் செருப்புகூட மாட்டவில்லை. கண்ணாடி மூக்கிலேயே இருக்க, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கார் ஜன்னலைத் தட்டினாள்.

"யாருகிட்டண்ணே பேசற?"

பொன்னுரங்கம் அவளைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை. கண்ணாடியையும் இறக்கவில்லை.